ஏற்காட்டுக் காபியும் கப்பல் சுங்கமும்

சுங்க வரி என்றால் துறைமுகத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட உத்தியோகஸ்தர் ஒருவர், "பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்று சொல்கிற சமாசாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். கடலுக்கு வெகு தூரத்தில், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள மலை ஏறக்கூட வேண்டாம். காலையில் தீக்குச்சியைக் கிழித்து அடுப்பை மூட்டுகிறீர்கள். (இப்போது அடுப்புக்கு லைட்டர் வந்துவிட்டது, வாஸ்தவம்; சுவாமி விளக்குக்குத் தீப்பெட்டிதானே?) பில்டரில் இறங்கிய டிகாக்ஷனில் பாலை விட்டு, சர்க்கரை போட்டு ஆற்றுகிறீர்கள். அந்தத் தீக்குச்சி, அந்தச் சர்க்கரை, அந்தக் காபி, ஏன், காபி சிந்திவிடாமல் நீங்கள் இழுத்துச் செருகிக் கொள்கிற நூல் புடவை, இத்தனைக்கும் 1919-க்கும் 1939-க்கும் நடுவில், அதாவது இரண்டு உலக யுத்தங்களுக்கு இடைப்பட்ட 20 வருஷங்களில், கப்பல் சுங்கத்தோடு ஒரு வழக்கு இருந்தது. சில பொருள்கள் வழக்கில் ஜெயித்தன. சில தோற்றன. ஏற்காட்டுக் காபியின் வழக்கு மட்டும் விசித்திரமாக முடிந்தது.

சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி வந்தது 1820-களில். அப்போது சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் அதை அங்கே கொண்டுவந்து ஊன்றியவர். அவருக்குப் பின்னால் வேறு பல துரைமார்கள் வந்தார்கள், காடு தோட்டமாயிற்று. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய ஐதிகம். மலையில் பழுத்த காபி தரகர் கைக்கும், பிறகு கப்பலுக்கும் போய், லண்டனில் மின்சிங் லேன் என்ற தெருவில் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் என்ன விலை விழுகிறதோ அதுதான் ஏற்காட்டின் தலையெழுத்து.

வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்குக்கு எவ்வளவு வரி போடலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரமும் அந்த நாளில் லண்டனில்தான் இருந்தது. அதற்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். 1896-ல் இங்கிலாந்துத் துணிக்கு இங்கே நூற்றுக்கு 3½ இறக்குமதி வரி போட்டார்கள். லங்காஷயர் மில்காரர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவர்கள் மனம் கோணாமல் இருப்பதற்காக, பம்பாயிலும் சென்னையிலும் நம்முடைய மில்களில் நெய்த துணிக்கும் அதே நூற்றுக்கு 3½ கலால் வரி போட்டார்கள்! பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகிறான் என்பதற்காகத் தன் பிள்ளையையும் ஓர் அடி அடித்து வைக்கிற தாயாரை எங்கேயாவது பார்த்திருக்கிறோமா? இந்தக் கலால் வரி ஒழிந்தது 1926-ல்தான்.

முதல் யுத்தம் முடிந்ததும் நிலைமை கொஞ்சம் மாறியது. இந்திய சர்க்காரும் இந்தியச் சட்டசபையும் ஒத்துப்போகிற சுங்க விஷயத்தில், லண்டனில் இருக்கும் இந்தியா மந்திரி கூடியவரை குறுக்கே வருவதில்லை என்று 1919-ல் ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டது. 1921-ல் இங்கே இறக்குமதி வரியை நூற்றுக்கு 11 ஆக உயர்த்தியபோது லங்காஷயர்காரர்கள் கூட்டமாகப் போய் மாண்டேகுவிடம் முறையிட்டார்கள். அவர் இந்தச் சம்பிரதாயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வருஷமே வரி 15 ஆயிற்று. அது பெரும்பாலும் சர்க்கார் கஜானாவின் ஓட்டையை அடைப்பதற்காகப் போட்டதுதான். ஆனாலும் அந்த நிழலில் சில செடிகள் தாமாகவே முளைத்தன.

வரியை யோசித்துப் போட வேண்டும், எந்தத் தொழிலுக்குப் பாதுகாப்பு தேவை என்று பார்க்க வேண்டும் என்பதற்காக 1921-ல் ஒரு கமிஷன் வைத்தார்கள். தலைவர் சர் இப்ராஹிம் ரஹிம்துல்லா. பிர்லா ஓர் அங்கத்தினர். நம் சென்னையிலிருந்து டி. வி. சேஷகிரி ஐயர் போயிருந்தார். 1922-ல் வந்த அறிக்கை, கேட்ட தொழிலுக்கெல்லாம் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லி மூன்று பரீட்சை வைத்தது. மூலப்பொருள், ஆள், சந்தை எல்லாம் நாட்டிலேயே இருக்க வேண்டும். பாதுகாப்பு இல்லாவிட்டால் வளராது என்று தெரிய வேண்டும். நாளைக்குத் துணையில்லாமல் உலகப் போட்டியில் நிற்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். குழந்தைக்கு நடைவண்டி வாங்கித் தருகிறேன், ஆனால் அது நிச்சயமாக ஓட்டப் பந்தயத்தில் ஓடும் என்று எழுதிக் கொடு என்றால் எப்படி? தலைவரும் சேஷகிரி ஐயரும் உட்பட ஐந்து பேர் இந்தக் கட்டுப்பாடுகள் அதிகம் என்று தனியாக ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். அது குறிப்பாகவே இருந்துவிட்டது.

இந்தப் பரீட்சையில் தேறியவற்றில் நமக்கு மிகவும் வேண்டியது சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையைப் பாட்டிமார்கள் "அஸ்கா" என்று சொல்வார்கள் அல்லவா? பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், கஞ்சம் ஜில்லாவில் இருந்த அஸ்கா என்ற ஊரின் ஆலையால் வந்த பெயர் அது. பெயர்தான் நம்மூர்ப் பெயரே ஒழிய, சரக்கு பெரும்பாலும் ஜாவாவிலிருந்து வந்தது. 1929-30-ல் வந்த அந்நியச் சர்க்கரை சுமார் 10 லட்சம் டன். 1932-ல் சர்க்கரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹண்டர்வெயிட்டுக்கு 7 ரூபாய் 4 அணா வரி. வீட்டுக் கணக்கில் சொன்னால் ராத்தலுக்கு ஓர் அணாவுக்குக் கொஞ்சம் மேலே. இதற்கு மேல் கூடுதல் வரி வேறு.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1931-32-ல் நாடு முழுவதும் 32 நவீன ஆலைகள், 1936-37-ல் 137! ஜாவாச் சர்க்கரை நாலைந்து வருஷத்தில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. சுவர் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. கோயமுத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்புப் பண்ணையில் பார்பரும், அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும், நாணல் ஜாதியைச் சேர்ந்த காட்டுக் கரும்போடு நாட்டுக் கரும்பைக் கலந்து புது ரகங்களை உண்டாக்கி வைத்திருந்தார்கள். வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கி அவை வளர்ந்தன. சுவர் எழுந்தபோது உள்ளே பயிர் தயாராக இருந்தது. இருந்தாலும், அந்த ராத்தலுக்கு ஓரணாவைக் கொடுத்தது யார்? பற்று வரவு எழுதிய குடும்பத் தலைவிதான். ஆலை முதலாளிகள் கொழிப்பதைப் பார்த்து 1934-ல் சர்க்கார் உள்நாட்டுச் சர்க்கரைக்கும் கலால் வரி போட்டது. அதையும் கடைசியில் டம்ளரில்தான் கலந்து குடித்தோம்.

தீப்பெட்டியின் கதை இதைவிட ருசியானது. 1922-ல் ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி. பெட்டிக்கு 2 பை. ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் விற்ற கடைகளில் அந்த 2 பை போதுமானதாக இருந்தது. மழையில்லாத சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1923-ல் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். கஜானாவுக்காகப் போட்ட வரி 1928-ல் சட்டப்படி பாதுகாப்பு வரியாகவே மாறியது. ஸ்வீடன்காரர்கள் சும்மா இருந்தார்களா? சுவரைத் தாண்டி உள்ளே வந்து இங்கேயே தொழிற்சாலை கட்டிவிட்டார்கள்! சுங்கச் சுவர் சரக்கைத் தடுக்குமே தவிரப் பணத்தைத் தடுக்காது என்பது அப்போது பலருக்குப் புரிந்தது.

இப்போது மலை அடிவாரத்துக்கு வருவோம். ஏற்காடு போகிற பஸ்ஸில் சேலத்தைத் தாண்டுகிறபோது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் வெள்ளை வெளேரென்று சில குன்றுகளைப் பார்த்திருக்கலாம். அது மாக்னஸைட் என்னும் வெள்ளைக்கல். இரும்பு உருக்கும் உலையின் உள்சுவருக்கான செங்கல் செய்ய ஏற்றது. உருக்கு ஆலைகள் இங்கே பெருகாத வரையில் அந்தக் கல்லும் காபியைப் போலவே கப்பல் ஏறியது. 1924-ல் டாடாவின் உருக்குக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஜாம்ஷெட்பூர் பிழைத்தது. நாட்டில் உலை எரிந்தால்தான் நம்மூர்க் கல்லுக்கு நம் நாட்டிலேயே வேலை கிடைக்கும்.

அதே சேலத்தில், குகையிலும் அம்மாபேட்டையிலும் தறி போட்டிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? இந்த விஷயத்தைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1927-ல் வெளிநாட்டு நூலுக்கு ராத்தலுக்கு ஒன்றரை அணா சுங்கம் போட்டார்கள். காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஜப்பான் மில்களில் பெண்களை ராத்திரி ஷிப்டில் வேலை வாங்கி மலிவாக நூற்கிறார்கள், அது நியாயமான போட்டியல்ல என்று சொல்லித்தான் அந்த வரியைப் போட்டார்கள். நூல் மில்லுக்கு நல்லதுதான். ஆனால் நெசவாளிக்கு நூல் என்பது அரிசி மாதிரி. அவர் வாங்குகிறவர். சேலத்துக் குண்டஞ்சி வேஷ்டிக்கும் பட்டுக்கரை அங்கவஸ்திரத்துக்கும் வேண்டிய மெல்லிய ரக நூல், கப்பலில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, விலை ஏறியது. அவர் நெய்த துணியோடு போட்டி போடுகிற மில் துணி பக்கத்துக் கடையிலேயே மலிவாகக் கிடந்தது. மில்லுக்குக் குடையாக வந்தது தறிக்கு இடியாக வந்தது. சுங்கப் போர்டின் முன்னால் கணக்குப் புஸ்தகத்தை விரித்து வாதாட மில் முதலாளிக்கு முடியும். குழித்தறியில் காலை விட்டுக் கொண்டிருப்பவருக்கும், பாவு ஓடிக் கொண்டிருக்கும் அவருடைய மனைவிக்கும் முடியுமா?

கொஞ்சம் பரிகாரம் வராமல் இல்லை. 1934-ல் இந்திய சர்க்கார் கைத்தறிக்கென்று மானியம் ஒதுக்கியது. 1935-ல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நீங்கள் தீபாவளிக்குத் தள்ளுபடியில் புடவை எடுக்கிறீர்களே, அந்தக் கோ-ஆப்டெக்ஸ்தான் அது. அந்தக் கடைக்கு ஒரு சுங்க வரிச் சண்டையும் பூர்வீகம் என்பது, புடவை மடிப்பைப் பிரித்துப் பார்க்கிற நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரப்போகிறது!

சரி, இனி மேலே போவோம். சர்க்கரைக்கும் தீப்பெட்டிக்கும் கிடைத்த சுவர் ஏற்காட்டுக் காபிக்குப் போதவில்லை. அந்நியச் சரக்கை உள்ளே வராமல் நிறுத்தினால் மட்டும் தோட்டக்காரர் பிழைக்க முடியாது. அவருடைய சரக்கு வெளியே போய் விற்க வேண்டும். பிறர் கட்டுகிற சுவரும் பிறர் சொல்கிற விலையும் அவரை வாட்டின.

முதல் இடி நாணய மாற்றிலிருந்து வந்தது. 1927-ல் ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டம் போட்டு நிறுத்தினார்கள். யுத்தத்துக்கு முன் அது 1 ஷில்லிங் 4 பென்ஸ். இரண்டு பென்ஸில் என்ன வந்துவிட்டது என்கிறீர்களா? லண்டன் ஏலத்தில் ஒரு பவுனுக்குக் காபி விற்றதாக வைத்துக் கொள்ளுங்கள். பழைய கணக்கில் 15 ரூபாய் கைக்கு வரும். புதுக் கணக்கில் 13 ரூபாய் 5 அணா 4 பை. ஒரு செடியும் காயாமல், ஒரு பழமும் உதிராமல், பவுனுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் காணாமல் போயிற்று. இதைச் சுங்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஏற்றுமதி செய்கிறவனுக்கு அதுவும் ஒரு சுங்கம்தான். வெளியிலிருந்து வருகிற சரக்குக்கோ அதே கணக்கில் இங்கே விலை குறைந்தது. ஒரு பக்கம் சுவர் எழுப்பிக்கொண்டே மறுபக்கம் திட்டி வாசலைத் திறந்து வைத்த மாதிரி!

இரண்டாவது இடி 1929-ல் நியூயார்க்கில் விழுந்தது. உலகம் முழுவதும் விலைகள் சரிந்தன. பிரேசில் நாட்டில் காபி மலைமலையாகக் குவிந்து கிடந்தது. விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக அந்த நாட்டு சர்க்கார் 1931 முதல் 1944 வரை அழித்த காபி, 60 கிலோ மூட்டையாக ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் மூட்டை. தீ வைத்துக் கொளுத்தினார்கள், கடலில் கொட்டினார்கள், ரயில் எஞ்சினுக்கு விறகாகக்கூடப் போட்டார்கள். நம்மூரில் மாமியார்கள் காபிக்கொட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிக் கொண்டிருந்த காலம் அது!

1932-ல் கனடாவில் ஒட்டாவா நகரத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகள் கூடிப் பேசின. என் சரக்குக்கு உன் ஊரில் சலுகை, உன் சரக்குக்கு என் ஊரில் சலுகை என்று ஒப்பந்தம். இந்தியாவிலிருந்து போன தூதுகோஷ்டியில் கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார். ஏற்காடு, குடகு, நீலகிரிக் காபிக்கு இங்கிலாந்தில் பிரேசில் காபியைவிட வரிச் சலுகை கிடைத்தது. பதிலுக்கு இங்கிலாந்துச் சாமான்கள் பலவற்றுக்கு இங்கே நூற்றுக்கு 7½ அல்லது 10 குறைவாக வரி. தோட்டக்காரர்களுக்குத் திருப்தி. மற்றவர்களுக்கோ, சுங்கத்தில் கிடைத்த சுதந்திரத்தை வாங்கின கையாலேயே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. 1934 தேர்தலில் சண்முகம் செட்டியார் தோற்றார். ஒட்டாவாவும் அவர் தலையில் ஏற்றப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1936-ல் சட்டசபை அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்படி தீர்மானமே போட்டுவிட்டது. அதே செட்டியார்தான் 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாகி முதல் பட்ஜெட்டைப் படித்தார். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

என்னைக் கேட்டால், ஒட்டாவாவைவிட ஏற்காட்டுக்கு அதிகம் உதவியது 1935-ல் சத்தமில்லாமல் வந்த ஒரு சின்னச் சட்டம்தான். காபி செஸ் சட்டம் என்று பெயர். நாட்டைவிட்டு வெளியே போகிற காபியிலிருந்து ஒரு சிறு தீர்வை வசூலிப்பது. அந்தப் பணத்தைக் கொண்டு காபியின் சாகுபடியையும் விற்பனையையும் வளர்ப்பது. கப்பல் ஏறுகிற காபி காசு கொடுத்து, கப்பல் ஏறாத காபிக்கு விளம்பரம் செய்தது! 1936-ல் பம்பாயில் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறந்தது இந்தக் கமிட்டிதான். தென்னாட்டில் காபிக்கு விளம்பரமே வேண்டாம். டீ குடிக்கிற வடக்கத்திக்காரர்களுக்கு ருசி காட்ட வேண்டியிருந்தது. தலைப்பாகை கட்டிய சிப்பந்திகள், பீங்கான் கோப்பை, மணிக்கணக்கில் பேச்சு!

1939-ல் மறுபடி யுத்தம். ஐரோப்பியச் சந்தை அடைத்துக்கொண்டது, கப்பலில் இடமில்லை. லண்டனை நம்பி நூறு வருஷம் பிழைத்த தோட்டங்கள் திகைத்து நின்றன. 1940-ல் அவசரச் சட்டம் போட்டுத் தோட்டக்காரர் எல்லோருடைய காபியையும் ஒரே தொகுப்பில் சேர்த்து, உள்நாட்டில் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பிரித்து விற்க ஒரு போர்டு வைத்தார்கள். 1942-ல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. அதுதான் காபி போர்டு. வெளியூர்க்காரன் கைவிட்டபோது, தஞ்சாவூரிலும் மயிலாப்பூரிலும் திருச்சியிலும் வறுத்து அரைத்துக் கொண்டிருந்த வீடுகளுக்கும் ஏற்காட்டைக் காப்பாற்றியதில் ஒரு பங்கு உண்டு. எந்தச் சுங்கச் சட்டத்திலும் பெயர் வராத பெண்கள், பெர்ரியும் பிளான்டேஷனும் இத்தனைக்கு இத்தனை என்று கலந்து போட்ட கணக்குத்தான் உள்நாட்டுச் சந்தை என்ற பெரிய வார்த்தையின் அர்த்தம்.

காபி ஹவுஸ்களைப் பிற்பாடு போர்டு மூடத் தொடங்கியபோது, 1957 முதல் அவற்றின் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து எடுத்து நடத்தினார்கள். பொதுத் தொகுப்பு அரை நூற்றாண்டு நீடித்தது. பணம் தவணை தவணையாக வருகிறது, சொந்தச் சரக்கை விற்கச் சுதந்திரமில்லை என்று தோட்டக்காரர்கள் குறைப்பட்டார்கள். 1992-ல் கொஞ்சம் தளர்த்தி, 1996-ல் முழுவதும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள்.

இப்போது இந்தியக் காபியில் பாதிக்கு மேல் மறுபடியும் கப்பல் ஏறுகிறது. தமிழ்நாட்டின் பங்கு மொத்த விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். ஏற்காட்டில் விளைவது பெரும்பாலும் அராபிக்கா. நிழலுக்கு வைத்த மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. காபி விலை காலை வாரினால் மிளகு கைகொடுக்கும் என்பது தோட்டக்காரர் கணக்கு. கார்த்திகை, மார்கழிப் பனியில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பெண்கள் சிவந்த பழமாகப் பார்த்துப் பறிக்கிறார்கள். அந்தப் பழத்தின் விலை முன்பு மின்சிங் லேனில் விழுந்தது. இன்று நியூயார்க் சந்தையில் விழுகிறது.